சாலைத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் செயற்கை ஈரநிலம்: எந்த அறிகுறிக்கு எங்கே பார்க்க வேண்டும்

சாலையில் விழும் மழை வடிகாலுக்கு வெறுங்கையோடு போவதில்லை. டயர் தேய்ந்த தூள், பிரேக்கிலிருந்து உதிரும் செம்பு, டயரிலிருந்தும் சாலையோரத் தகரத் தடுப்புகளிலிருந்தும் வரும் துத்தநாகம், ஒழுகிய இன்ஜின் ஆயில், டீசல் கரி, எல்லாவற்றையும் வழித்துக்கொண்டுதான் போகிறது. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த சாலையில் விழும் முதல் மழை மிகவும் மோசம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மழை பெய்தவுடன் ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் ஏன் சாகின்றன என்று ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் தேடினார்கள். டயர் ரப்பரில் சேர்க்கும் ஒரு காப்புப் பொருள் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து 6பிபிடி-குவினோன் என்ற நஞ்சாக மாறுவதுதான் காரணம் என்று 2020-இல் கண்டுபிடித்தார்கள். அந்த மீன் நம் ஊரில் இல்லை. டயர் இருக்கிறது. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. அதன் நடுவிலேயே 200 அடி ரேடியல் சாலை போகிறது. ஏரிக்கும் சாலைக்கும் இடையில் ஒரு வடிகட்டி தேவை என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

அந்த வடிகட்டியாக ஒரு செயற்கை ஈரநிலத்தைக் கட்டி முடித்து, அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏரிப் பாதுகாப்புக் குழுவாக இருக்கலாம், குடியிருப்போர் நலச் சங்கமாக இருக்கலாம், உள்ளாட்சிப் பொறியாளராகவும் இருக்கலாம். பிரச்சினை என்று வந்தால் எல்லோரும் முதலில் செடியைப் பார்க்கிறார்கள். செடியில் தெரியும் கோளாறில் பெரும்பாலானவை தண்ணீரின் கோளாறுகள்: எவ்வளவு வருகிறது, எத்தனை மணி நேரம் தங்குகிறது, எந்த வழியாகப் போகிறது. அதனால் கீழே எந்த அறிகுறியை எடுத்தாலும் தண்ணீரிலிருந்துதான் தொடங்குகிறேன்.

முதலில் உங்கள் ஈரநிலம் எப்படி இருக்க வேண்டும்

வடிகாலிலிருந்து தண்ணீர் உள்வாய் வழியாக முதலில் வண்டல் குட்டைக்கு வரும். மணலும் கனமான தூளும் அங்கேயே படிய வேண்டும். பிறகு ஆழம் குறைந்த செடிப் பகுதி. 15 முதல் 45 செ.மீ. வரை ஆழம், நடுவில் ஓரிரண்டு ஆழமான மடுக்கள். கடைசியில் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிறிய மதகு. பெருமழை நீரை உள்ளே விடாமல் சுற்றிக் கொண்டுபோக ஒரு கலங்கலும் (மிகுதி நீர் வழிந்து போகும் இடம்) பக்கவாய்க்காலும் தனியாக இருக்க வேண்டும்.

கணக்கு எளிது. 10 மீட்டர் அகலச் சாலை ஒரு கிலோமீட்டர் நீளம் என்றால் ஒரு ஹெக்டேர். அதில் 10 மி.மீ. மழை விழுந்தால் 100 கன மீட்டர், அதாவது ஒரு லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் எட்டு லாரிக்கு மேல். சாலைப் பரப்பில் 2 முதல் 5 சதவீதம் ஈரநிலத்துக்கு ஒதுக்குவது வழக்கம். 300 சதுர மீட்டர் ஈரநிலத்தில் சராசரியாக 35 செ.மீ. தண்ணீர் நின்றால் கிட்டத்தட்ட அதே 100 கன மீட்டர் வருகிறது. ஆக, 10 மி.மீ. மழையை அது முழுதாக வாங்கிக்கொள்ளும். சென்னையில் ஐப்பசியில் ஒரே நாளில் 100 மி.மீ. கொட்டுவது சாதாரணம். அந்த ஆயிரம் கன மீட்டரையும் இதற்குள் தள்ளினால் செடியும் சேறும் சேர்ந்து ஏரிக்குப் போய்விடும்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: தண்ணீருக்குள் நட்டு வைத்த அளவுக்கோல் ஒன்று, மழைமானி ஒன்று, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர், நீளமான இரண்டு மூங்கில் கழிகள், ஒரு நோட்டு. இன்னொன்று ரொம்ப முக்கியம்: மழை பெய்துகொண்டிருக்கும்போது போய்ப் பாருங்கள். வெயில் நாளில் ஈரநிலத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவே முடியாது.

மழை நின்று ஐந்து நாள் ஆகியும் மட்டம் இறங்கவில்லை

மதகில் அடைப்பு. பத்தில் ஒன்பது முறை இதுதான். கேரி பேக், தெர்மாகோல், காய்ந்த கோரைத் தாள், ஆகாயத்தாமரைக் கொத்து, இவற்றில் ஒன்று துவாரத்தை மூடியிருக்கும். மதகுத் துவாரம் பொதுவாகச் சின்னதாக இருக்கும், தண்ணீர் மெதுவாகப் போவதற்காகவே அப்படி வைக்கிறார்கள். அதனால் அடைப்பதும் எளிது. அடைப்பை எடுத்தால் மட்டும் அடுத்த மழைக்குத் திரும்ப வரும். துவாரத்துக்கு முன்னால் ஒரு கம்பிவலைக் கூண்டு வையுங்கள், கூண்டின் பரப்பு துவாரத்தைப் போலப் பல மடங்கு இருக்கட்டும். தண்ணீரை மேல்மட்டத்திலிருந்து எடுக்காமல், கீழ்நோக்கி வளைந்த குழாய் மூலம் நடு ஆழத்திலிருந்து எடுத்தால் மிதக்கும் குப்பையும் எண்ணெயும் துவாரத்துக்கே வராது.

அடைப்பு இல்லாமலும் மட்டம் இறங்கவில்லை என்றால் கீழே ஏரியின் மட்டத்தைப் பாருங்கள். கார்த்திகையில் ஏரி நிரம்பி, வெளிக்குழாயின் வாய் மூழ்கிக் கிடந்தால் தண்ணீர் போக இடமில்லை. சில இடங்களில் ஏரித் தண்ணீர் பின்னோக்கி ஈரநிலத்துக்குள் வருவதும் உண்டு. அதற்கு ஒருவழி மடல் வால்வு போட வேண்டும், அல்லது அந்தச் சில வாரங்களுக்கு இது வேலை செய்யாது என்று ஏற்றுக்கொண்டு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். முதல் மழைகளின் அழுக்கு அதற்குள் கடந்து போயிருக்கும் என்பதால் இழப்பு நினைப்பதைவிடக் குறைவுதான்.

தண்ணீர் ஒரு பக்கமாகவே ஓடி, சீக்கிரம் வெளியே போய்விடுகிறது

என் பார்வையில் இதுதான் எல்லாக் கோளாறிலும் பெரியது, ஏனென்றால் கண்ணுக்கு எதுவும் தவறாகத் தெரியாது. செடி பச்சைப்பசேலென்று நிற்கும். தண்ணீரும் தெளிவாக இருக்கும். ஆனால் உள்வாயிலிருந்து மதகு வரை செடியில்லாத ஒரு வாய்க்கால் தானாக உருவாகி, முக்கால்வாசித் தண்ணீர் அதிலேயே ஓடிக்கொண்டிருக்கும். மீதிப் பரப்பு முழுக்கத் தேங்கிய மூலைதான்.

நேரம் ஏன் முக்கியம் என்றால், மணல் சில நொடிகளில் படிந்துவிடும், மிக நுண்ணிய களித்துகள் 40 செ.மீ. ஆழம் இறங்கவே ஒரு நாளுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். டயர்த் தூளிலும் கரியிலும் உள்ள உலோகமும் எண்ணெயும் பெரும்பாலும் இந்த நுண்துகள்களோடுதான் ஒட்டியிருக்கின்றன. கரைந்த துத்தநாகமும் செம்பும் சேற்றிலும், செடித்தண்டைச் சுற்றியுள்ள நுண்ணுயிர்ப் படலத்திலும் ஒட்டுவதற்கும் நேரம் வேண்டும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் இந்த வகை ஈரநிலங்களுக்கு 72 மணி நேரத் தங்கலை இலக்காக வைத்துத்தான் வடிவமைக்கிறார்கள். மூன்று நாள் தங்க வேண்டிய தண்ணீர் மூன்று மணி நேரத்தில் போனால் நீங்கள் வைத்திருப்பது ஒரு பச்சை வாய்க்கால்.

உப்பை வைத்துச் சோதிக்கலாம். 100 கன மீட்டர் ஈரநிலத்துக்கு 10 கிலோ கல்லுப்பு போதும். முழுதாகக் கலந்தால் லிட்டருக்கு 100 மில்லிகிராம் கூடும், டிடிஎஸ் மீட்டரில் நன்றாகத் தெரியும். மழைநீர் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில், உப்பைப் பெரிய டிரம்மில் நிறையத் தண்ணீர் விட்டு நன்றாகக் கரைத்து, உள்வாயில் மெதுவாக ஊற்றுங்கள். கெட்டியாக ஊற்றினால் அடியில் இறங்கித் தங்கிவிடும், கணக்குத் தப்பும். பிறகு மதகில் அரை மணிக்கொரு முறை அளந்து குறித்துக்கொண்டே வாருங்கள். ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே அளவு குத்தென்று ஏறி இறங்கினால் குறுக்குவழி இருக்கிறது என்று அர்த்தம். மெல்ல ஏறி நெடுநேரம் நின்று இறங்கினால் நல்லது. எலுமிச்சம்பழத்தை மிதக்கவிட்டும் பார்க்கலாம். அது மேல்மட்ட ஓட்டத்தை மட்டுமே காட்டும், காற்றடித்தால் அதையும் சரியாகக் காட்டாது.

சரி, குறுக்குவழி இருக்கிறது, என்ன செய்வது? உள்வாய்க்குப் பக்கத்தில் தண்ணீரை அகலமாகப் பரப்பும் ஒரு தாழ்ந்த கல்வரிசை போடுங்கள். ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், ஒரு ஓரம் இரண்டு விரல் தாழ்ந்தாலும் தண்ணீர் அங்கேதான் போகும். செடிப் பகுதியில் ஓட்டத்துக்குக் குறுக்காக, இரண்டு பக்கமும் மாறி மாறி மண்வரப்பு எழுப்பித் தண்ணீரை வளைந்து போக வையுங்கள். தானாக உருவான வாய்க்காலை மண்ணால் நிரப்பி, அதில் நெருக்கமாகக் கோரையோ சம்போ நடுங்கள். நீளம் அகலத்தைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். இடமில்லாமல் சதுரமாகக் கட்டிய குட்டை என்றால் இந்த வரப்புகளைத் தவிர வேறு வழியில்லை.

மழையே இல்லை, ஆனால் உள்வாயில் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது

நம் ஊரில் இது பொதுவாக எங்கும் உண்டு, வெளிநாட்டுக் கையேடுகளில் இதைப் பற்றி நாலு வரிதான் இருக்கும். மழைநீர் வடிகாலில் வீட்டுக் கழிவுநீர் இணைப்பு. சாலைத் தண்ணீருக்காகக் கட்டிய ஈரநிலம் சாக்கடையைத் தாங்காது. சில மாதங்களில் ஆக்சிஜன் தீர்ந்து, சேறு கெட்டு, ஆகாயத்தாமரை மூடி, கொசு பெருகி, ஊரார் எல்லோரும் ஈரநிலத்தைத் திட்ட ஆரம்பிப்பார்கள்.

முதலில் எந்தத் தண்ணீர் என்று தெரிந்துகொள்ளுங்கள். காலை ஏழு மணிக்கு ஒரு முறை, நள்ளிரவில் ஒரு முறை ஓட்டத்தைப் பாருங்கள். காலையில் பெருகி இரவில் சிறுத்தால் வீடுகள். இரவில் மட்டும் திடீரென்று பாய்ந்து நின்றால் கழிவுநீர் லாரி எங்கேயோ மூடியைத் திறந்து கொட்டுகிறது. நாள் முழுக்க ஒரே சீராக வந்தால் நிலத்தடி நீர்க் கசிவு அல்லது ஏதாவது கட்டடத்தின் பேஸ்மெண்டிலிருந்து மோட்டார் வைத்து இறைக்கிறார்கள். மீன் தொட்டிக் கடையில் விற்கும் அம்மோனியா டெஸ்ட் கிட் இங்கே நல்ல துணை. டிடிஎஸ் அதிகம், அம்மோனியாவும் அதிகம் என்றால் சாக்கடை. டிடிஎஸ் அதிகம், அம்மோனியா இல்லை என்றால் கிணற்று நீர் வகை. நுரை மட்டும் வந்தால் வாட்டர் வாஷ் கடை, அதோடு எண்ணெயும் வரும்.

அப்புறம் வடிகாலின் மேல்நோக்கி நடங்கள். ஒவ்வொரு மூடியாகத் திறந்து, எந்த இரண்டு மூடிகளுக்கு நடுவில் தண்ணீர் தொடங்குகிறது என்று பாருங்கள். மேலேயிருந்து டார்ச் அடித்தும், கயிற்றில் கட்டிய பாட்டிலை இறக்கியும் பார்த்தால் போதும். எந்தக் காரணத்துக்காகவும் குழிக்குள் யாரையும் இறக்காதீர்கள். அடைந்த குழியில் சேரும் ஹைட்ரஜன் சல்பைடு ஒரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும், காப்பாற்ற இறங்குகிறவரையும் சேர்த்து. சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் ஆபத்தான முறையில் மனிதரை வைத்துச் சுத்தம் செய்வதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அது பணி ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இணைப்பைத் துண்டித்துப் பாதாளச் சாக்கடையில் சேர்ப்பது உள்ளாட்சியின் வேலை. இடம், நேரம், படம், அம்மோனியா அளவு எல்லாம் வைத்து எழுத்தில் புகார் கொடுத்தால் நகரும். "நாற்றம் அடிக்கிறது" என்று சொன்னால் பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போவார்கள். பிளீச்சிங் பவுடர் ஈரநிலத்தில் உங்களுக்காக வேலை செய்யும் நுண்ணுயிரைத்தான் கொல்லும். சீர் செய்யும் வரைக்கும், வறண்ட நாள் ஓட்டத்தை உள்வாய்க்கு முன்பே சின்னத் தடுப்பு வைத்துப் பாதாளச் சாக்கடைக்குத் திருப்பிவிட முடியுமா என்று கேளுங்கள். மழை வந்தால் தண்ணீர் அந்தத் தடுப்பைத் தாண்டி வழக்கம்போல் உள்ளே வரும்.

மேலே பளபளவென்று எண்ணெய்ப் படலம்

வானவில் நிறத்தில் மின்னினாலே அது எண்ணெய் என்று அர்த்தமில்லை. ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள். கண்ணாடிச் சில்லுபோல் துண்டு துண்டாக உடைந்து அப்படியே நின்றால் அது இரும்பு பாக்டீரியாவின் படலம். பக்கத்தில் துருநிறச் சேறும் இருக்கும். அதனால் தீங்கில்லை. குத்திய இடத்தை மூடிக்கொண்டு சுழன்று மறுபடி ஒன்றுசேர்ந்தால் பெட்ரோலிய எண்ணெய்.

மழைக்குப் பிறகு லேசான படலம் வந்து சில நாளில் மறைந்தால் கவலை வேண்டாம். வெயிலும் நுண்ணுயிரும் அதைப் பார்த்துக்கொள்ளும். நம் வெப்பத்தில் அந்த வேலை குளிர்நாடுகளைவிட வேகமாகவே நடக்கிறது. தடிப்பான படலம், அல்லது மழையில்லாமலே வரும் படலம் என்றால் மேலே ஒரு மெக்கானிக் ஷெட் பழைய ஆயிலை வடிகாலில் ஊற்றுகிறது. அவரிடம் நேரில் பேசுவதுதான் முதல் வேலை. பழைய ஆயிலுக்குக் காசு உண்டு, வாங்கிச் சுத்திகரிக்கும் அனுமதி பெற்ற நிலையங்கள் உண்டு என்று வழி காட்டினாலே பலருக்குப் போதும்.

டேங்கர் கவிழ்ந்து டீசல் வந்துவிட்டால் மதகை உடனே மூடுங்கள். மூடும் பலகையோ வால்வோ இல்லாத மதகு என்றால் மணல் மூட்டைகளை முன்கூட்டியே பக்கத்தில் அடுக்கி வைத்திருக்க வேண்டும். எண்ணெயை வண்டல் குட்டையிலேயே மறித்து, உறிஞ்சு தாள்களாலும் மிதவைத் தடுப்புகளாலும் எடுக்க வேண்டும். சோப்புத் தூளோ பினாயிலோ ஊற்றவே கூடாது. எண்ணெய் கண்ணிலிருந்து மறையும், தண்ணீருக்குள் கலந்துவிடும், பிறகு எடுக்க வழியே இல்லை. எண்ணெய் ஊறிய பொருள் அபாயக் கழிவு. குப்பை வண்டியில் போடாமல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேட்டு அனுப்ப வேண்டும்.

கறுப்புச் சேறு, அழுகிய முட்டை நாற்றம்

சேற்றைக் கிளறினால் கறுப்பாக இருக்கிறது, நாறுகிறது என்று பலர் பயந்து மொத்தத்தையும் வாரி எடுத்துவிடுகிறார்கள். வேண்டாம். அடிச்சேறு கறுப்பாக இருப்பது இயல்பு, சொல்லப்போனால் நல்லது. ஆக்சிஜன் இல்லாத அந்த அடுக்கில் துத்தநாகம், செம்பு, ஈயம் எல்லாம் சல்பைடாக மாறிக் கரையாமல் கிடக்கின்றன. கிளறி வெளியே போட்டால்தான் அவை மறுபடி கரையும்.

கிளறாமலே நாறினால், மீன் மேலே வந்து வாய் திறந்தால், அது வேறு விஷயம். தண்ணீரிலேயே ஆக்சிஜன் இல்லை. சாக்கடை வருகிறதா என்று மேலே சொன்னபடி பாருங்கள்; இல்லையென்றால் வெட்டிய செடியை உள்ளேயே போட்டு அழுக விட்டிருப்பார்கள், அல்லது ஆகாயத்தாமரை முழுக்க மூடியிருக்கும்.

செடிகள் மஞ்சளாகின்றன, சாய்கின்றன, ஒரு பகுதியில் மொட்டையாகிவிட்டது

அளவுக்கோலைக் கொண்டுபோய் அந்த இடத்தின் ஆழத்தை அளங்கள். புதுச் செடி முக்கால் அடித் தண்ணீருக்குள் பல நாள் முழுதாக மூழ்கிக் கிடந்தால் செத்துப்போகும். நட்ட முதல் பருவத்தில் மட்டத்தைத் தாழ்த்தி வைத்து, செடி உயர உயரத்தான் ஏற்ற வேண்டும். மதகில் பலகை ஏற்றி இறக்கும் வசதி இதற்காகத்தான். சம்பு ஆழத்தைத் தாங்கும், கோரை அதற்கு அடுத்தபடி, கல்வாழையும் வெட்டிவேரும் ஓரத்துக்குத்தான் சரி. உரம் போடாதீர்கள். சாலைத் தண்ணீரில் செடிக்குத் தேவையான அளவு சத்து வருகிறது, நீங்கள் போடும் உரம் நேராக ஏரிக்குப் போகும்.

வெட்டிய பிறகு செடி துளிர்க்கவில்லை என்றால் வெட்டிய உயரத்தைக் கேளுங்கள். சம்பின் தண்டு வழியாகத்தான் வேருக்குக் காற்று போகிறது. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வெட்டினால் வேர் மூச்சு முட்டிச் சாகும். வேண்டாத இடத்தில் சம்பை ஒழிக்க அதுவே வழி. வேண்டிய இடத்தில் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே விட்டு அறுங்கள், மொத்தத்தையும் ஒரே நேரத்தில் அறுக்காமல் பகுதி பகுதியாக. செடியை அறுத்து எடுத்தால் உலோகம் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. உலோகத்தில் பெரும்பங்கு சேற்றில்தான் இருக்கிறது, இலையில் கொஞ்சம்தான். இருந்தாலும் அந்தக் கொஞ்சம் மாட்டுக்குப் போக வேண்டாம், அறுத்ததைத் தீவனமாகக் கொடுக்காதீர்கள்.

ஓரங்களில் சீமைக் கருவேலமும் நெய்வேலிக் காட்டாமணக்கும் முளைத்தால் கன்றாக இருக்கும்போதே வேரோடு பிடுங்குங்கள். கரையில் மரமாகிவிட்டால் வேர் கரையைத் துளைக்கும்.

ஆகாயத்தாமரை மூடிவிட்டது

சத்து மிகுந்த தண்ணீரில், நம் வெயிலில், இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகக் கூடியது. கால்வாசி பரப்பு மூடியபோதே எடுங்கள், பூப்பதற்கு முன். விதை சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். ஒரே நாள் ஜேசிபியை இறக்கினால் நட்ட செடியும் அடிமண்ணும் சேர்ந்து போய்விடும். கயிறு கட்டி இழுத்து ஓரத்திலிருந்து கையால் வாருவது மெதுவாகத் தெரிந்தாலும் கடைசியில் லாபம். ரப்பர் கையுறையும் பூட்ஸும் கட்டாயம். களைக்கொல்லி வேண்டவே வேண்டாம், செத்த செடி மூழ்கி அழுகி ஆக்சிஜனைத் தின்றுவிடும். எடுத்த பிறகும் திரும்பத் திரும்ப வந்தால் கேள்வி களையைப் பற்றியது இல்லை, சாக்கடை இணைப்பைப் பற்றியது.

கொசு

கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக நம் வெப்பத்தில் ஒரு வாரம், பத்து நாள் ஆகும். மழைநீர் மட்டம் மூன்று நாளில் இறங்கிவிட்டால் ஓரங்களில் அது வளர நேரம் கிடைக்காது. நிரந்தரமாக நிற்கும் மடுவில் தட்டான் இளம்புழுவும் சின்ன மீனும் இருந்தால் அவை பார்த்துக்கொள்ளும். கம்பூசியா மீனை விடச் சொல்வார்கள். உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவிகளின் பட்டியலில் இருக்கும் மீன் அது, நேராக ஏரிக்குப் போய்த் தவளை முட்டையையும் உள்ளூர் மீன் குஞ்சையும் தின்னும். பக்கத்து ஏரியிலிருந்து சின்ன உள்ளூர் மீன்களையே கொண்டுவந்து விடுங்கள். டெங்கு கொசு பெரும்பாலும் ஓரத்தில் கிடக்கும் டீ கப், தேங்காய் ஓடு, டயரில் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் வளர்கிறது, குப்பை பொறுக்குவதும் கொசு ஒழிப்பு வேலைதான்.

கோடையில் வேகமாக வற்றுகிறது, தரை வெடித்துவிட்டது

ஆவியாகிப் போகிறதா, கசிகிறதா? ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பி, ஈரநிலத்துக்குள் கல் வைத்து நிறுத்துங்கள், உள்ளேயும் வெளியேயும் மட்டத்தைக் குறியுங்கள். நாலு நாள் கழித்து இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் ஆவி. வெளியே அதிகம் இறங்கியிருந்தால் கசிவு, அதாவது சாலை அழுக்கு நிலத்தடி நீருக்குப் போகிறது. கரையின் அடிப்பகுதியிலும் குழாய் கரையைத் துளைக்கும் இடத்திலும் களிமண் பொதியைச் சரிபாருங்கள், நண்டு வளையையும் தேடுங்கள்.

ஆவியாகி வற்றினால் அது நம் ஊர் இயல்பு. சென்னையில் ஆண்டு மழை சுமார் 1,400 மி.மீ.; அதில் 60 சதவீதம் அளவு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது. செடி காய்ந்தாலும் வேர்க்கிழங்கு உயிரோடு இருக்கும். ஆனால் சேறு வெடிக்கும் அளவுக்குக் காய்ந்தால் சல்பைடாகக் கிடந்த உலோகம் காற்றுப்பட்டு மாறி, அடுத்த மழையில் கரைந்து வரும். அதனால் மடுக்களையாவது காயவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோடைக்குப் பின் வரும் முதல் மழையில் மதகை மூடி வைத்து, தண்ணீரை ஓரிரு நாள் கூடுதலாகத் தங்க வைத்துப் பிறகு மெல்லத் திறங்கள்.

தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவு, ஆனால் லேப் ரிப்போர்ட்டில் துத்தநாகம் குறையவில்லை

முதலில் மாதிரி எடுத்த விதத்தைச் சந்தேகப்படுங்கள். துத்தநாகப் பூச்சுப் பூசிய இரும்பு வாளியில் மொண்டிருந்தால் அந்த ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடலாம். லேப் கொடுக்கும் பிளாஸ்டிக் பாட்டில்தான் சரி. உள்வாய் மாதிரியையும் மதகு மாதிரியையும் ஒரே நேரத்தில் எடுத்து ஒப்பிட்டாலும் பயனில்லை, இரண்டும் வேறு வேறு மழையின் தண்ணீர். உள்வாயில் மழை தொடங்கிய முதல் அரை மணியில் சில முறை, மதகில் அந்தத் தண்ணீர் வந்து சேரும் நேரத்தில் சில முறை எடுக்க வேண்டும். மொத்த உலோகம், கரைந்த உலோகம் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். கரைந்ததற்கு 0.45 மைக்ரான் வடிகட்டியில் உடனே வடித்து, அதன் பிறகுதான் அமிலம் சேர்க்க வேண்டும். வடிப்பதற்கு முன் அமிலம் சேர்த்தால் துகளில் ஒட்டியிருந்ததும் கரைந்துவிடும்.

மொத்தம் குறைந்து கரைந்தது குறையவில்லை என்றால் தங்கும் நேரம் போதவில்லை. உப்புச் சோதனைக்குத் திரும்புங்கள். இரண்டுமே குறையவில்லை என்றால் வண்டல் குட்டையைப் பாருங்கள்.

வெளியே வரும் தண்ணீர் உள்ளே வந்ததைவிடச் சேறாக இருக்கிறது

ஈரநிலம் இப்போது அழுக்கைப் பிடிக்கவில்லை, பழைய அழுக்கைத் திருப்பிக் கொடுக்கிறது. பக்கவாய்க்கால் அடைந்து பெருமழை முழுதும் உள்ளே வந்திருக்கலாம். கலங்கலின் மேல் குப்பை கட்டியிருக்கிறதா பாருங்கள். அது சரியாக இருந்தால் வண்டல் குட்டை நிரம்பிவிட்டது.

இரண்டு மூங்கில் கழியையும் எடுங்கள். ஒன்றின் அடியில் தட்டு ஒன்றை ஆணியடித்து மெல்ல இறக்கினால் சேற்றின் மேல் நிற்கும். இன்னொன்றைக் கூராக்கிக் குத்தினால் கெட்டித் தரையில் போய் நிற்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வண்டலின் கனம். குட்டையின் ஆழத்தில் பாதி நிரம்பியதும் எடுத்துவிட வேண்டும். ஏப்ரல், மே மாதங்கள் வசதி. செப்டம்பர் தாண்டினால் வேலை பாதியில் மழை வந்துவிடும். வண்டல் குட்டையை மட்டும் எடுங்கள், செடிப் பகுதியைத் தொட வேண்டாம்.

எடுத்த மண்ணைக் கரைமேல் கொட்டினால் அடுத்த மழையில் அதே குட்டைக்குத் திரும்பும். தார்ப்பாய் விரித்து, சுற்றி வரப்பு கட்டி, வடியும் தண்ணீர் குட்டைக்கே போகும்படி காய வையுங்கள். ஏரி வண்டலை வயலுக்கு அடிப்பது நம் விவசாயிகளின் பழைய, நல்ல வழக்கம். அதே நினைப்பில் டிராக்டரோடு வந்து இந்த மண்ணையும் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். பார்க்க ஏரி வண்டல் மாதிரியே கறுப்பாக, வளமாகத் தெரிந்தாலும் இதில் இருப்பது சாலையின் ஈயமும் துத்தநாகமும் எண்ணெய்க் கரியும். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நின்றுபோனாலும், பழைய சாலையோர மண்ணில் அந்த ஈயம் இன்னும் கிடக்கிறது. காய்ந்த மண்ணின் மாதிரியை லேபுக்கு அனுப்பி, உலோகத்தையும் எண்ணெயையும் அளந்து, ரிப்போர்ட்டோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைக் கேளுங்கள். அளவு குறைவு என்றால் சாலைக்கரை நிரப்பவோ குப்பைக் கிடங்கை மூடவோ அனுமதிப்பார்களா என்று கேட்கலாம். அபாயக் கழிவு வரம்பைத் தாண்டினால் கும்மிடிப்பூண்டியில் உள்ளதைப் போன்ற அபாயக் கழிவு நிலையத்துக்குத்தான் போக வேண்டும், செலவு அதிகம். அந்தச் செலவை ஈரநிலம் கட்டும் திட்ட மதிப்பீட்டிலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள், எழுதாத இடங்களில் குட்டை நிரம்பியபடியே கிடக்கிறது.